உங்களுக்குத் தெரியுமா? பயணிகள் வராத ஆண்டில் காட்டுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

2019இல் உலகெங்கும் நாடு விட்டு நாடு சென்ற பயணங்கள் சுமார் 146 கோடி. கொரோனா வந்த 2020இல் அது ஏறக்குறைய 40 கோடியாகச் சுருங்கியது. விமான நிறுவனங்களும் நட்சத்திர விடுதிகளும் பட்ட நட்டத்தை நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. சிங்கமும் காண்டாமிருகமும் மலைக் கொரில்லாவும் வாழும் காடுகளில் இரவு ரோந்து போகிறவரின் சம்பளமும் அதே பயணச்சீட்டை நம்பித்தான் இருந்தது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆப்பிரிக்காவில் மட்டும் காட்டுயிர்ச் சுற்றுலாவை நம்பி 36 லட்சம் பேர் பிழைத்தார்கள் என்பது தொற்றுக்கு முந்தைய கணக்கு. அந்த வருமானம் நின்றபோது காட்டைக் காக்கப் பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது, எங்கே வராமல் போனது என்பதைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

வாடகைக்கு விட்ட புல்வெளி

கென்யாவின் காட்டுயிர்களில் சுமார் 65 சதவீதம் தேசியப் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கின்றன. மாசாய் மாரா என்றதும் படங்களில் பார்க்கும் அந்தப் புல்வெளியின் பெரும்பகுதி அரசுக் காப்பகம் இல்லை. மாசாய் மக்களின் பட்டா நிலம். ஒரு காலத்தில் ஊருக்கே பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டது. பிரித்ததும் ஆளாளுக்கு வேலி போடத் தொடங்கினார்கள். வேலி வந்தால் காட்டெருதுக் கூட்டம் எந்த வழியாகப் போகும்?

2000களின் நடுவில் ஒரு மாற்று வழி பிறந்தது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் தங்கள் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, சஃபாரி விடுதி நடத்தும் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். வேலி போடக் கூடாது, உழக் கூடாது, வீடு கட்டக் கூடாது. மாடுகளை முறை வைத்து மேய்த்துக்கொள்ளலாம். குத்தகைப் பணம் ஒவ்வொரு குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போய்ச் சேரும். ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த், நபோய்ஷோ என்று இப்படிப் பல காப்பகங்கள் உருவாயின. இந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கும் நில உரிமையாளர்கள் ஏறத்தாழ 14,500 பேர். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இந்தப் பணத்தில் போகிறது. மருத்துவச் செலவு, புதிதாக ஒரு பசு வாங்குவது, எல்லாவற்றுக்கும் இதுதான்.

இந்தக் குத்தகையின் சிறப்பே, பயணி வந்தாலும் வராவிட்டாலும் தொகை மாறாது என்பதுதான். 2020 மார்ச்சில் அந்தச் சிறப்பே பெரும் சுமையாகிவிட்டது. விடுதிகளுக்கு வருமானம் சுழியம். வாடகையை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது. பல காப்பகங்களில் நிறுவனங்களும் நிலக்காரர்களும் உட்கார்ந்து பேசி வாடகையைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டார்கள். நிலத்தை விற்றுவிடலாம், வேலி போட்டுக் கோதுமை விதைக்கலாம் என்று நிலக்காரர்கள் கிளம்பியிருந்தால் அதைத் தடுப்பது எளிதாக இருந்திருக்காது. குறைந்த வாடகைக்கு இசைந்து பொறுத்திருந்த அந்தக் குடும்பங்களை, மாராவைக் காப்பாற்றியவர்களின் பட்டியலில் நான் முதலில் வைப்பேன்.

கடனாக வந்த வாடகை

மாராவுக்கு வந்த அவசர உதவியில் ஒரு பகுதி நன்கொடையாக வரவில்லை, கடனாக வந்தது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு ஆப்பிரிக்கக் காப்பகங்களுக்கென ஒரு நிதி தொடங்கி, அதிலிருந்து குத்தகை பாக்கி விழாமல் இருக்கக் கடன் கொடுத்தது. பயணிகள் திரும்பி வந்த பிறகு, அவர்கள் செலுத்தும் காப்பகக் கட்டணத்திலிருந்து அதை அடைக்க வேண்டும். நெருக்கடியில் இருப்பவருக்குக் கடனா என்று தோன்றலாம். திரும்பி வரும் பணத்தை அடுத்த நெருக்கடியில் இன்னொரு காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்பது இதில் உள்ள நல்ல கூறு.

அரசின் மீட்புத் திட்டத்தில் யானைக் காவலர்

2020 மே 23 அன்று கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டா 5,370 கோடி ஷில்லிங்கில் எட்டு அம்சப் பொருளாதார மீட்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார். சாலை, பள்ளி, மருத்துவம், சிறுதொழில் என்ற வரிசையில் காட்டுயிரும் இருந்தது. கென்யக் காட்டுயிர்த் துறையின் கீழ் 5,500 சமூகக் காவலர்களை அமர்த்த 100 கோடி ஷில்லிங். 160 சமூகக் காப்பகங்களுக்கு இன்னொரு 100 கோடி.

அன்று பல நாடுகள் தொழிலை மீட்கும் பெயரில் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு வளரும் நாடு, ரோந்து போகிறவரின் கூலியையும் நாட்டின் பொருளாதாரத்துக்குள் சேர்த்து எண்ணியது. இதைப் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

நாலில் ஒருவர்

60க்கும் மேற்பட்ட நாடுகளின் வனக் காவலர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2021 மார்ச்சில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்டது. நாலில் ஒருவருக்கு மேல் சம்பளம் வெட்டப்பட்டிருந்தது அல்லது தாமதமாகியிருந்தது. நூற்றுக்கு 20 பேர் வேலையையே இழந்திருந்தார்கள். ஆப்பிரிக்கக் காப்பகங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ரோந்தையும் கள்ளவேட்டைத் தடுப்புப் பணியையும் நிறுத்தவோ குறைக்கவோ நேர்ந்தது.

எட்டு வேலை நாளில் பதில்

அவசர நிதி என்றால் எவ்வளவு அவசரம்? யுனெஸ்கோவும் ஃபானா அண்ட் ஃப்ளோரா அமைப்பும் சேர்ந்து 2006இல் தொடங்கிய விரைவு உதவித் திட்டம் ஒன்று உண்டு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இயற்கைத் தலங்களுக்கு மட்டும் அது உதவும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த எட்டு வேலை நாட்களுக்குள் பதில் சொல்வது அதன் விதி. அதிகபட்சத் தொகை 30,000 டாலர்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஜீப்புக்கு டீசல், வயர்லெஸ் கருவிக்கு பேட்டரி, ரோந்துக் குழுவுக்கு அரிசி பருப்பு, இவை இல்லாமல்தான் காவல் முதலில் நிற்கும். இவற்றுக்கு அந்தத் தொகை போதும். கோடிக்கணக்கில் அறிவித்து, படிவம் நிரப்பி, தணிக்கை முடித்து, ஓராண்டு கழித்து வரும் பணத்தால் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. அதற்குள் கண்ணி வைப்பவர் காட்டுக்குள் போய்த் திரும்பிவிடுவார்.

நமீபியா: பாலைவனக் காண்டாமிருகத்தின் காவல்

சுற்றுச்சூழல் பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட நாடு நமீபியா. 1990இல் விடுதலை பெற்றது. 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் மக்களுக்கே காட்டுயிரிலிருந்து வருமானம் பெறும் உரிமையைக் கொடுத்தது. 1998இல் நான்கு சமூகக் காப்பகங்கள் பதிவாயின. இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் பொறுப்பில் இருக்கிறது. வடமேற்கின் கல்லும் மணலுமான வெளியில் திரியும் கறுப்புக் காண்டாமிருகங்களை இந்த மக்கள்தான் காலடித் தடம் பார்த்துக் காக்கிறார்கள்.

சுற்றுலா நின்றபோது இந்தக் காப்பகங்கள் போட்ட கணக்கு இது. விடுதிகள் காப்பகங்களுக்குத் தரும் தொகையில் ஆண்டுக்கு சுமார் 6 கோடி நமீபிய டாலர் போகும். விடுதிகளில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களின் சம்பளமாக மேலும் 6.5 கோடி போகும். ஆபத்தில் இருந்தவர்கள் 700 விலங்குக் காவலர்கள், 300 அலுவலகப் பணியாளர்கள், 1,175 சுற்றுலா ஊழியர்கள். முந்தைய ஆண்டு, 2019இல், வறட்சியால் அங்கே நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆடு மாடு செத்து ஓய்ந்த ஊரில்தான் இந்த இடியும் விழுந்தது.

2020 மே மாதத்திலேயே அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகமும் பாதுகாப்பு அமைப்புகளும் கைகோத்து ஒரு பொது நிவாரண நிதியை உருவாக்கின. யார் யார் கொடுத்தாலும் எல்லாம் ஒரே பெட்டியில் விழும். அங்கிருந்து காப்பகங்களுக்குப் பிரியும். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனித்தனி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் அலைச்சல் மிச்சம். ஏற்கெனவே 20 ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்து ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததால்தான் இவ்வளவு வேகம் அவர்களுக்குக் கைகூடியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிங்கமோ கழுதைப்புலியோ மாட்டை அடித்துவிட்டால் உரியவருக்கு ஒரு பகுதி ஈடு கொடுப்பது அங்கே காப்பகத்தின் வேலை. சுற்றுலா வருமானம் இல்லாவிட்டால் அந்த ஈட்டுப் பணத்துக்கும் சிக்கல். மாட்டைப் பறிகொடுத்தவரிடம் வெறுங்கையோடு போய் சிங்கத்தை விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஒரு பனந்தோப்பு காத்த பவளத்தீவு

அல்டாப்ரா என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? செஷல்ஸ் நாட்டின் தலைத்தீவான மாஹேயிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் பவளத்தீவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ராட்சத ஆமைகள் வாழும் இடம். விடுதி கிடையாது, விமானத் தளம் கிடையாது. ஒரு சிறிய ஆய்வு நிலையமும் சில பணியாளர்களும் மட்டும். 1960களில் பிரிட்டன் அங்கே ராணுவ விமானத் தளம் அமைக்க நினைத்து, அறிவியலாளர்கள் கிளர்ந்தெழுந்ததால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. 1982இல் உலகப் பாரம்பரியத் தலமானது.

பயணிகள் அரிதாகவே போகும் இந்தத் தீவைச் சுற்றுலாச் சரிவு ஏன் தொட வேண்டும்? விடை பிராஸ்லின் என்ற வேறொரு தீவில் இருக்கிறது. அங்கே வாலே டி மே என்று சுமார் 20 ஹெக்டேர் பரப்பில் ஒரு பனங்காடு. உலகிலேயே பெரிய விதையான இரட்டைத் தேங்காய் அங்கே இயற்கையாகக் காய்க்கிறது. நம் ஊர் நாட்டுமருந்துக் கடைகளில் கடல்தேங்காய் என்று விற்பது இதன் பருப்பைத்தான். அந்த மரத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில்தான் அல்டாப்ராவின் காவலும் ஆய்வும் நடந்துவந்தன. செஷல்ஸ் தீவுகள் அறக்கட்டளை என்ற ஒரே நிறுவனம் இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. விமானம் நின்றது; வாலே டி மேயின் வாசல் வெறிச்சோடியது; அதோடு அல்டாப்ராவுக்குப் போகும் பணமும் வற்றியது. அறக்கட்டளை செலவைச் சுருக்கிக்கொண்டு, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று.

இதே செஷல்ஸ்தான் 2020 மார்ச் 26 அன்று, தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கும் வேலையை முடித்தது. சுமார் 4.1 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்த முயற்சியின் அடித்தளம் 2016இல் நிறைவேறிய ஓர் ஒப்பந்தம்: 2.16 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை மாற்றியமைத்து, அடைக்கும் தொகையில் ஒரு பகுதியைக் கடல் பாதுகாப்புக்கு ஒதுக்குவது. சுற்றுலாவையே சாராத ஒரு வருமானத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருந்த தீவு நாட்டால், அந்த மோசமான மாதத்திலும் இவ்வளவு பெரிய அறிவிப்பைச் செய்ய முடிந்தது.

பலாவு

பசிபிக் தீவு நாடான பலாவு, தன் கடற்பரப்பில் 80 சதவீதத்தை வணிக மீன்பிடிப்புக்கு மூடிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2020 ஜனவரி 1. பலாவுக்கு வரும் வெளிநாட்டவரின் விமானச் சீட்டிலேயே 100 டாலர் சூழல் கட்டணம் சேர்ந்திருக்கும். மூன்று மாதத்தில் விமானங்களும் அவற்றோடு அந்தக் கட்டணமும் நின்றுவிட்டன.

ரஃபிக்கியும் கீரை விதையும்

உகாண்டாவின் பிவிண்டிக் காட்டில் ரஃபிக்கி என்ற மலைக் கொரில்லா இருந்தது. சுமார் 25 வயது. முதுகு வெள்ளி நிறமாக நரைத்த குடும்பத் தலைவன். 17 கொரில்லாக்கள் கொண்ட என்குரிங்கோ கூட்டம் அதன் பின்னால்தான் நடந்தது. 2020 ஜூன் தொடக்கத்தில் அது ஈட்டிக் குத்துப்பட்டு இறந்து கிடந்தது. இறைச்சிக்காகச் சிறு விலங்குகளை வேட்டையாடப் போனவர்தான் கொன்றவர். அவருக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த நேரத்தில் உலகில் இருந்த மலைக் கொரில்லாக்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்.

கொரில்லாக் காடுகளைப் பயணிகளுக்கு மூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனிதரின் சளிக் காய்ச்சல் கொரில்லாவுக்கு எளிதில் தொற்றும். அதனால் மீண்டும் திறந்தபோது பயணிகள் நிற்க வேண்டிய தொலைவை 7 மீட்டரிலிருந்து 10 மீட்டராக்கினார்கள், முகக்கவசமும் கட்டாயம்.

பிவிண்டியைச் சுற்றி வேலை செய்யும் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிக்குசோகாவின் அமைப்பு அப்போது செய்ததைக் கவனியுங்கள். வருமானம் இழந்த குடும்பங்களுக்கு விரைவாக விளையும் காய்கறிகளின் விதையும் நாற்றும் கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கு விளைந்தால் கண்ணி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டிய தேவை குறையும். ஏற்கெனவே கொரில்லாக் காட்டோர விவசாயிகளின் காப்பிக் கொட்டையை நல்ல விலைக்கு வாங்கி விற்கும் ஏற்பாட்டையும் அவர் தொடங்கியிருந்தார். பயணி வராவிட்டாலும் காப்பி குடிப்பவர் உலகில் இருக்கிறார். காட்டைக் காக்கும் நிதி என்று பட்டியல் போடுபவர்கள் கீரை விதைக்குக் கொடுத்த பணத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

1,500 டாலருக்கு ஒரு மணி நேரம்

பக்கத்து நாடான ருவாண்டாவில் கொரில்லாவைப் பார்க்க ஒருவருக்குக் கட்டணம் 1,500 டாலர். 2017இல் 750இலிருந்து ஒரே நாளில் இரட்டிப்பானது. கூட்டத்தோடு இருக்க அனுமதி ஒரு மணி நேரம். பூங்காவின் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது: பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர்த் தொட்டி என்று. கட்டணம் எவ்வளவு உயரமோ, வராத நாளில் இழப்பும் அவ்வளவு.

ஆண்டுதோறும் அங்கே பிறந்த கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் விழா நடக்கும். உலகப் பிரபலங்கள் வந்து பெயரிடுவது வழக்கம். 2020 செப்டம்பரில் விழா இணையவழியே நடந்தது, குட்டிகள் 24. அந்த ஆண்டு பெயரிட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டுக்காகவே உழைப்பவர்கள்: காவலர்கள், தடம் பார்ப்பவர்கள், வழிகாட்டிகள், மருத்துவர்கள். அவர்கள் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள்.

விருங்காவின் பிட்காயின்

காங்கோவின் விருங்கா, 1925இல் அமைந்த ஆப்பிரிக்காவின் மிகப் பழைய தேசியப் பூங்கா. 2020 மார்ச்சில் பயணிகளுக்கு மூடப்பட்டது. அடுத்த மாதம் 24ஆம் தேதி, பூங்காவின் தலைமையகத்துக்கு அருகே ஆயுதக் குழு ஒன்று தாக்கியதில் 12 காவலர்களும் ஓர் ஓட்டுநரும் பொதுமக்கள் நால்வரும் மாண்டார்கள். வருமானமும் இல்லை, வீட்டுக்குத் திரும்பாத ஆட்களும் உண்டு. நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் அமைப்பும் ஐரோப்பிய ஆணையமும் மற்றொரு அமைப்பும் சேர்ந்து 20 லட்சம் டாலர் அவசர நிதி அறிவித்தது அடுத்த சில வாரங்களில்.

விருங்காவின் ஆற்றில் ஏற்கெனவே சிறு நீர்மின் நிலையங்கள் இருந்தன. சுற்றுப்பட்ட ஊர்களுக்கு விளக்கு கொடுத்தால் காட்டு மரத்தைக் கரியாக்குவது குறையும் என்பதற்காகக் கட்டியவை. மின்கம்பி இன்னும் எட்டாத ஒரு நிலையத்தின் மின்சாரத்தைக் கொண்டு 2020 முதல் பிட்காயின் ஈட்டத் தொடங்கியது பூங்கா. அதிலிருந்து வந்த பணம் காவலர் சம்பளத்துக்கும் போனது. பிட்காயின் விலை ஏறி இறங்கும் வேகம் அச்சமூட்டக்கூடியது. ஆனாலும் பயணி, நன்கொடை இரண்டும் இல்லாத நேரத்தில் தன் ஆற்று நீரிலிருந்தே சம்பளம் கொடுத்த பூங்கா இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

வேட்டை குறைந்ததா, கூடியதா?

இரண்டும் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் 2019இல் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 594. ஊரடங்கு ஆண்டான 2020இல் 394. எல்லைகள் மூடியதால் கொம்பு கடத்தும் கும்பல்கள் நகர முடியவில்லை. தடைகள் தளர்ந்த 2021இல் 451 ஆக மீண்டும் ஏறியது.

இந்தியாவில் வேறு கதை. 2020 மார்ச் ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் செய்தியான வேட்டைச் சம்பவங்கள் 35. ஊரடங்கின் முதல் ஆறு வாரங்களில் 88 என்று காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு கணக்கிட்டது. மான் போன்ற குளம்புள்ள விலங்குகளைக் கொன்றவை 8இலிருந்து 39 ஆகின. முயல், முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி, மலையணில் என்று சிறு விலங்குகளும் பெருமளவு மடிந்தன. கொம்புக்கும் தோலுக்கும் நடக்கும் வேட்டை கடத்தல் வழி அடைந்தால் குறைகிறது. இறைச்சிக்கு நடக்கும் வேட்டை கூலி நின்றால் கூடுகிறது. அவசர நிதியில் துப்பாக்கிக்கும் வாகனத்துக்கும் ஒதுக்குவதோடு ஊராருக்கு வேலை கொடுக்கவும் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஓடித் திரட்டிய நிதி

2020 அக்டோபர் 3 அன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வனக் காவலர்கள் முதுகுப் பையுடன் 21 கிலோமீட்டர் ஓடினார்கள். டஸ்க் என்ற பிரிட்டிஷ் அமைப்பு முன்னின்று நடத்திய ஓட்டம் அது. ஆங்காங்கே இருந்த பொதுமக்களும் தங்கள் ஊரிலேயே ஓடி நிதி சேர்த்தார்கள். திரண்ட பணம் சம்பளத்துக்கும் உபகரணத்துக்கும் போனது.

நம் பக்கம்: தேக்கடியும் அறக்கட்டளைகளும்

இந்தியப் புலிகள் காப்பகங்களில் நிரந்தர வனப் பணியாளரின் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. அதனால்தான் 2020இல் முதுமலையும் ஆனைமலையும் பயணிகளுக்குப் பூட்டியபோதும் வனவருக்குச் சம்பளம் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவின் பல காப்பகங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்பு. நம் வனத்துறைமேல் ஆயிரம் குறை சொல்லும் நாம் இதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நுழைவுக் கட்டணத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்ந்த 38எக்ஸ் பிரிவு, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்கிறது. பயணிகளிடமிருந்து வரும் பணம் அதில் சேர்ந்து, காட்டோர மக்களின் வேலைக்கும் காப்பகத்தின் சில்லறைத் தேவைகளுக்கும் போகிறது.

இதற்கு முன்னோடி தேக்கடி. பெரியாறு காட்டில் இலவங்க வகையான வயணப் பட்டை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களை 1990களின் இறுதியில் வனத்துறை அழைத்துப் பேசி, குழுவாக்கி, பயணிகளுக்கு வழிகாட்டிகளாக்கியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்கள். பயணிகளைக் கூட்டிப் போய்ச் சம்பாதித்தார்கள். அதோடு காட்டுக்குக் காவலும் ஆனார்கள். இந்தத் திட்டத்துக்கு வந்த உலக வங்கிப் பணம் 2004இல் முடிந்தபோது, பயணிகளிடம் கூடுதல் கட்டணம் வாங்கிப் பெரியாறு அறக்கட்டளை மூலம் இதைத் தொடர்ந்தார்கள். குமுளிக்குப் போகும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அந்தக் கட்டணத்தைக் காலகாலமாகக் கொடுத்து வருகின்றன. 2020இல் முதலில் அடிபட்டது இப்படிப்பட்ட குழுக்கள்தான். அரசு ஊழியர் என்ற காப்பு அவர்களுக்குக் கிடையாது.

பூட்டான் முன்பே யோசித்தது

சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு மூலநிதியை உலகில் முதன்முதலில் உருவாக்கிய நாடு பூட்டான். ஆண்டு 1991. அசலைத் தொடாமல் முதலீட்டு வருவாயில் வேலை நடத்தும் ஏற்பாடு. பயணி வருகிறாரா இல்லையா என்ற கவலை அந்தப் பணத்துக்கு இல்லை.

பவளப் பாறைக்குக் காப்பீடு

மெக்சிகோவின் கின்டானா ரூ கடற்கரையில் பவளத் திட்டுகளுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் போதும், சேதத்தை அளந்து காட்ட வேண்டியதில்லை. பணம் தானாக வந்துவிடும். 2020 அக்டோபரில் டெல்டா புயல் அடித்தது. சுற்றுலா படுத்துக் கிடந்த அதே ஆண்டில் சுமார் 8.5 லட்சம் டாலர் காப்பீட்டுத் தொகை கிடைத்தது. உடைந்த பவளக் கிளைகளை எடுத்து மீண்டும் ஒட்டும் வேலைக்கு அது பயன்பட்டது. புயலுக்குப் பின் முதல் சில வாரங்களுக்குள் ஒட்டினால்தான் பவளம் பிழைக்கும். நிதி வேண்டி மனுப் போட்டுக் காத்திருக்க அங்கே நேரம் இல்லை.

கலாபகஸும் கடன் பத்திரமும்

ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளுக்கு வந்த வெளிநாட்டவர் தொற்றுக்கு முன் 100 டாலர் கொடுத்து நுழைந்தார்கள். அந்தப் பணம்தான் தேசியப் பூங்காவின் முதுகெலும்பு. தொற்றில் அது முறிந்தது. 2023 மே மாதத்தில் ஈக்வடார் தன் பழைய கடன் பத்திரங்களில் சுமார் 160 கோடி டாலர் மதிப்புள்ளவற்றைச் சந்தையில் சரிந்த விலைக்கு வாங்கி, குறைந்த கடனாக மாற்றிக்கொண்டது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி, சுமார் 18 ஆண்டுகளில் 45 கோடி டாலர் என்ற கணக்கில், கலாபகஸ் கடலின் பாதுகாப்புக்குப் போகும். அதில் ஒரு பங்கு மூலநிதியாக நிற்கும்.

காண்டாமிருகம் பெருகினால் ஈவு

2022 மார்ச்சில் உலக வங்கி 15 கோடி டாலருக்கு ஐந்தாண்டுக் கடன் பத்திரம் வெளியிட்டது. வாங்கியவர்களுக்கு ஆண்டு வட்டி கிடையாது. வட்டியாகப் போக வேண்டிய பணம் தென்னாப்பிரிக்காவின் அடோ யானைப் பூங்காவிலும் கிரேட் ஃபிஷ் ரிவர் காப்பகத்திலும் கறுப்புக் காண்டாமிருகங்களைக் காக்கச் செலவாகும். முதிர்வில் அசல் திரும்பும். காண்டாமிருகங்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்று பார்த்து அதற்கேற்ற ஈவும் கிடைக்கும். அந்த ஈவை உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஏற்றுக்கொள்கிறது. தோற்றால் நட்டம் முதலீட்டாளருக்கு, காப்பகத்துக்கு இல்லை. ஒரு பயணிகூட வராவிட்டாலும் ஐந்தாண்டுகளுக்குக் காவலர் சம்பளத்துக்கு உறுதி உண்டு என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது என்று கேட்டால், கணக்கிடுவது ஒரு தனி நிறுவனம், அதைச் சோதிப்பது லண்டன் விலங்கியல் கழகம். பத்திரம் முதிரும் ஆண்டு 2027.